செங்குத்துச் சரிவு, குட்டை ஓடுபாதை: வாசகர் கேள்வி – பதில்

நேபாளத்தின் லுக்லா ஓடுபாதையைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு வந்தது. 527 மீட்டர்தான் நீளம், அதுவும் மலைச்சரிவில். அதைப் படித்துவிட்டு, சிறு விமானங்கள் இப்படிப்பட்ட இடங்களில் எப்படி இறங்குகின்றன, இறங்க முடியும் என்று யார் எப்படிச் சோதித்துச் சொல்கிறார்கள் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

விமானங்கள் 3 டிகிரி சரிவில் இறங்குவதுதான் வழக்கம் என்கிறார்கள். அதை 5, 6 டிகிரி ஆக்கினால் என்ன லாபம்?
*கல்லூரி மாணவர், கோவை*

முதல் லாபம், வழியில் இருக்கும் குன்றையும் கட்டடத்தையும் தாண்டி வர முடிகிறது. இரண்டாவது, ஓடுபாதையில் வீணாகும் நீளம் குறைகிறது. தரையிறங்கும் தூரத்தைக் கணக்கிடும்போது விமானம் ஓடுபாதையின் முனையை 50 அடி உயரத்தில் கடப்பதாக வைத்துக்கொள்வார்கள். அந்த 50 அடியிலிருந்து 3 டிகிரி சரிவில் நேராக வந்தால் தரையைத் தொட 291 மீட்டர் வேண்டும். 5.5 டிகிரியில் அது 158 மீட்டர். கிட்டத்தட்ட 130 மீட்டர் மிச்சம். 500 மீட்டர் ஓடுபாதையில் இது நாலில் ஒரு பங்கு.

சும்மா கிடைக்கும் லாபம் அல்ல இது. 70 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கி.மீ.) வேகத்தில் 3 டிகிரி என்றால் நிமிடத்துக்குச் சுமார் 370 அடி கீழே போகிறது விமானம். 5.5 டிகிரியில் அது சுமார் 680 அடி, 7.5 டிகிரியில் 930 அடி. இந்த வேகம் முழுவதையும் கடைசி இரண்டு மூன்று விநாடிகளில் அடக்கியாக வேண்டும். சோதனை எல்லாம் அந்த விநாடிகளைச் சுற்றித்தான் நடக்கிறது.

லண்டன் சிட்டி விமான நிலையம் நல்ல உதாரணம். 1987-ல் திறந்தபோது அங்கே சரிவு 7.5 டிகிரி. குட்டை ஓடுபாதைக்கென்றே கனடாவில் உருவான டேஷ் 7 என்ற நான்கு எஞ்சின் விமானம் அதில் வந்து இறங்கியது. ஜெட்களும் வர வேண்டும் என்றபோது சரிவை 5.5 டிகிரிக்குத் தணித்தார்கள். இன்றும் அதுதான். ஐரோப்பிய விதிகளின்படி பெரிய விமானங்களுக்கு 4.5 டிகிரியோ அதற்கு மேலோ போனால் அது 'செங்குத்து அணுகல்'. அதற்குத் தனிச் சோதனை, தனிச் சான்று.

இந்தச் சோதனையை எந்த வரிசையில் செய்கிறார்கள்? முதல் நாளே ஓடுபாதைக்குப் போய்விடுவார்களா?
*ஏரோநாட்டிகல் பொறியியல் மாணவி, மதுரை*

போக மாட்டார்கள், போகவும் கூடாது. ஓடுபாதை கடைசியில்தான்.

முதலில் வேகமானியைச் சரிபார்க்க வேண்டும். இதைச் சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். மூக்கை உயர்த்தி, இறக்கையின் பின்விளிம்பில் உள்ள ஃபிளாப் என்ற மடிப்பை முழுதாக இறக்கி, மெதுவாகப் பறக்கும்போது, வேகமானிக்குக் காற்றழுத்தம் எடுத்துத் தரும் பிட்டாட் குழாயில் காற்று நேராக நுழைவதில்லை. முள் பொய் சொல்லும். பயிற்சிப் பள்ளிகளில் ஓடும் செஸ்னா 172எஸ் விமானத்தையே பாருங்கள். வேகமானியில் வெள்ளை வளைவு 40 நாட்டில் தொடங்குகிறது. ஃபிளாப் இறக்கிய நிலையில் ஸ்டால் ஆகும்போது, அதாவது வேகம் போதாமல் இறக்கை தூக்குவிசையை இழக்கும்போது, முள் காட்டுவது அவ்வளவுதான். ஆனால் பிழை நீக்கிய உண்மையான ஸ்டால் வேகம் 48 நாட். இறங்கி வரும் வேகம் ஸ்டால் வேகத்தைப் போல 1.3 மடங்கு இருக்க வேண்டும் என்பது வழக்கம். முள் காட்டும் 40-ஐ நம்பி 1.3-ஆல் பெருக்கினால் 52 வரும். அந்த வேகத்தில் இறங்கினால் நாம் நினைக்கும் பாதுகாப்பு விளிம்பு கையில் இருக்காது. 48-ஐ 1.3-ஆல் பெருக்கினால் 62. கையேட்டில் குட்டை ஓடுபாதைக்கு 61 நாட் போட்டிருப்பது இதனால்தான். ஆகவே எதிரெதிர்த் திசைகளில் பறந்து ஜிபிஎஸ் வேகத்தோடு ஒப்பிட்டோ, வாலின் பின்னால் நீளமாகத் தொங்கவிட்ட கூம்பிலிருந்து சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தை (நிலையழுத்தம்) எடுத்தோ, முள்ளின் பிழையை ஒவ்வொரு ஃபிளாப் நிலைக்கும் வரைபடமாக்குவார்கள்.

அடுத்தது ஸ்டால். ஈர்ப்புமையத்தை அனுமதித்த எல்லைக்குள் முன்பக்கம் கொண்டுபோய், எடையை உச்சத்தில் வைத்து, விநாடிக்கு ஒரு நாட் வீதம் வேகத்தைக் குறைத்து எடுக்கிறார்கள். முன்பக்கம் ஏன்? மூக்கு கனத்தால் வால் இன்னும் அழுத்திக் கீழே இழுக்க வேண்டும். அந்தச் சுமையும் இறக்கைக்கே வருகிறது. அதனால் ஸ்டால் வேகம் உயர்கிறது. மோசமான எண் எதுவோ அதைத்தான் கையேட்டில் எழுத வேண்டும்.

பிறகு உயரத்திலேயே சறுக்கிப் பார்ப்பார்கள். ஃபிளாப், பவர், வேகம் மூன்றையும் நிலையாக வைத்துவிட்டு 1,000 அடி இறங்க எத்தனை விநாடி என்று கடிகாரம் பிடிப்பது. மறுபடி ஏறுவது, வேகத்தை 5 நாட் மாற்றுவது, மறுபடி இறங்குவது. வரைந்து பார்த்தால் ரம்பப் பல் போல இருக்கும். உண்மை வேகம் 75 நாட்டில் 1,000 அடிக்கு 75 விநாடி ஆனால் நிமிடத்துக்கு 800 அடி. சரிவு 6 டிகிரி. காற்றோட்டத்துக்குக் குறுக்கே, எதிரெதிர்த் திசைகளில் இரண்டு முறை பறந்து சராசரி எடுக்க வேண்டும். வெப்பநிலைத் திருத்தத்தையும் மறக்கக் கூடாது. நியம வெப்பநிலையைவிட 20 டிகிரி சூடான நாளில் உயரமானி காட்டும் 1,000 அடி உண்மையில் சுமார் 1,070 அடி. இந்தத் திருத்தத்தை விட்டுவிட்டால் விமானம் தன் திறமையைவிடத் தட்டையாகச் சறுக்குவதாகத் தவறான முடிவு வரும்.

இதெல்லாம் முடிந்த பிறகே ஓடுபாதை. அதுவும் முதலில் நீளமான ஓடுபாதை. 3 டிகிரியில் ஆரம்பித்து அரை டிகிரி, ஒரு டிகிரியாக ஏற்றுவார்கள். முந்தின படியின் பதிவைப் பார்க்காமல் அடுத்த படிக்குப் போவதில்லை. டர்பைன் எஞ்சின் புரொப்பெல்லரைச் சுழற்றும் டர்போபிராப் விமானம் என்றால் ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். எஞ்சின் சக்தியைக் கட்டுப்படுத்தும் திராட்டிலை முழுக்கக் குறைத்த நிலையில் புரொப்பெல்லர் தட்டுப் போலக் காற்றை மறிக்கும். அந்த நிலையில் பிளேடு கோணம் சற்று மாறினாலே சறுக்கும் சரிவு மாறிவிடும். சோதனை விமானத்தில் நன்றாக வந்தது, தயாரிப்பில் வந்த விமானத்தில் வரவில்லை என்ற நிலை வராமலிருக்க, தொழிற்சாலை அனுமதிக்கும் இரு எல்லைகளிலும் பிளேடை அமைத்துப் பார்க்க வேண்டும்.

'அப்யூஸ் டெஸ்ட்' என்று ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டேன். வேண்டுமென்றே தவறாக ஓட்டுவார்களா?
*ஓய்வுபெற்ற விமானப் பராமரிப்புப் பணியாளர், சென்னை*

ஆமாம். நாளைக்கு ஒரு சாதாரண விமானி செய்யக்கூடிய தவறை இன்று சோதனை விமானி அளவோடு செய்து காட்ட வேண்டும். ஐரோப்பிய விதிகள் பெரிய விமானங்களுக்கு இதைத் தெளிவாக வகுத்திருக்கின்றன. சிறு விமானத்தைச் சோதிப்பவர்களுக்கும் அது நல்ல வழிகாட்டி. தேர்ந்தெடுத்த சரிவில் சரியான வேகத்தில் ஒரு முறை. அதைவிட 2 டிகிரி செங்குத்தாக ஒரு முறை. சரியான சரிவில் வேகம் 5 நாட் குறைவாக ஒரு முறை. மூன்றிலும் தரையைத் தொடுவதற்குள் இறங்கும் வேகம் விநாடிக்கு 3 அடிக்குக் கீழே வந்திருக்க வேண்டும். 200 அடிக்குக் கீழே பவரைக் கூட்டி விமானத்தைத் தூக்கிப் பிடிக்கக் கூடாது. பாதையில் வைத்திருக்கச் சின்னத் திருத்தம் மட்டும் செய்யலாம். மூக்கைத் தூக்கத் தொடங்கிய பிறகு மறுபடி கீழே அமுக்கக் கூடாது.

அந்த 2 டிகிரி ஏன் என்று கேட்டால், பின்காற்றை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 75 நாட்டில் வரும் விமானத்துக்குப் பின்னாலிருந்து 10 நாட் காற்று அடித்தால் தரைவேகம் 85. தரையிலிருந்து பார்க்கும்போது 5.5 டிகிரி சரிவில் நிற்க வேண்டுமானால், காற்றைப் பொறுத்தவரை அது 6.2 டிகிரியில் இறங்கியாக வேண்டும். இதற்கு மேல் பாதையைவிடச் சற்று உயரமாக வந்துவிட்டுத் திருத்த முயன்றால் மீதமும் கரைந்துவிடும். 2 டிகிரி ஆடம்பரம் இல்லை. பின்காற்றும் ஒரு சின்னப் பிழையும் சேர்ந்தால் அவ்வளவுதான் வரும்.

பவரைக் கூட்டக் கூடாது என்ற விதி எங்கள் பார்வையில் இவற்றில் மிக முக்கியமானது. கடைசி நேரத்தில் எஞ்சினை உறும வைத்தால்தான் மெதுவாகத் தொட முடிகிறது என்றால், எஞ்சின் அந்த விநாடியில் பதில் சொல்லாவிட்டால் என்ன ஆகும்? அப்படிப்பட்ட உத்தியைக் கையேட்டில் எழுதிக் கொடுக்கக் கூடாது.

தரையைத் தொடும் முன் மூக்கை உயர்த்தி ஃபிளேர் செய்யும்போதுதான் விபத்துகள் நடக்கின்றன என்கிறார்கள். அந்த நேரத்தில் உண்மையில் என்ன நடக்கிறது?
*பயிற்சி விமானி, சேலம்*

70 நாட், 5.5 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். விமானம் விநாடிக்கு சுமார் 3.5 மீட்டர் கீழே போகிறது. நீங்கள் யோக்கை, அதாவது விமானியின் கைப்பிடியை, இழுக்கிறீர்கள். எடையைவிட 15 சதவீதம் அதிகமாக இறக்கை தூக்குகிறது என்றால், இறங்கும் வேகம் விநாடிக்கு 0.9 மீட்டராகக் குறைய 1.7 விநாடி ஆகும். அதற்குள் விமானம் 3.8 மீட்டர் இறங்கியிருக்கும். அதே இழுப்பில் 7.5 டிகிரிக்கு 2.6 விநாடி, 7 மீட்டருக்கு மேல். வெறும் 3 டிகிரியில் ஒரு மீட்டர் போதும். யோக்கை இழுத்ததும் மூக்கு எழும்ப ஆகும் நேரத்தையும் இதோடு கூட்டிக்கொள்ளுங்கள். சரிவு இரண்டரை மடங்கானால் ஃபிளேருக்கு வேண்டிய உயரம் ஏழெட்டு மடங்காகிறது. 3 டிகிரியில் பழகிய கண் அதே உயரத்தில் இழுக்க ஆரம்பித்தால் சக்கரம் முதலில் தரைக்கு வந்துவிடும்.

சரி, இழுக்க எவ்வளவு மிச்சம் இருக்கிறது? வேகம் ஸ்டால் வேகத்தைப் போல 1.3 மடங்கு இருந்தால், இறக்கை எடையைப் போல 1.69 மடங்கு வரை தூக்க முடியும். 70-க்குப் பதில் 65-ல் வந்தால் அது 1.46 ஆகச் சுருங்கும். 1.1 மடங்கு வேகத்தில் வந்தால் 1.21 மட்டுமே. அப்போது முழுதாக இழுத்தாலும் மூக்குதான் உயரும், விமானம் உயராது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு ஃபிளேர் சரியாகத் தெரியும். விமானம் அப்படியே தட்டென்று உட்காரும். லேண்டிங் கியர் வளைவதும் வாலடியில் உரசுவதும் இப்படித்தான்.

பவர் வைத்துக்கொண்டு மெதுவாக வரும் குட்டை ஓடுபாதைப் பாணித் தரையிறக்கத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. புரொப்பெல்லர் வீசும் காற்று இறக்கையின் நடுப்பகுதியில் ஓடித் தூக்குவிசையைக் கூட்டித் தருகிறது. 20 அடியில் திராட்டிலைச் சட்டென்று மூடினால் அந்த உபரித் தூக்குவிசை அக்கணமே போய்விடும். பவரை மெதுவாக, மூக்கை உயர்த்துவதோடு சேர்த்தே குறைக்க வேண்டும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. பயத்தில் 5 நாட் கூட்டி வருவது. 70-க்கு 75 என்றால் நிறுத்த வேண்டிய ஆற்றல் 15 சதவீதம் கூடுகிறது. அதைவிடப் பெரிய நஷ்டம், விமானம் தரையைத் தொட மறுத்து மிதந்துகொண்டே போவது.

லுக்லாவில் அப்படி என்ன கஷ்டம்? மேடேறும் ஓடுபாதை என்றால் நல்லதுதானே?
*பள்ளி ஆசிரியை, தென்காசி*

நின்றுவிடுவதற்கு நல்லது. 11.7 சதவீத ஏற்றம். பிரேக்கைத் தொடாமலே மேடு ஒவ்வொரு விநாடியும் விமானத்தின் வேகத்தை விநாடிக்கு 1.1 மீட்டர் குறைக்கும். ஆனால் தொடுவதுதான் சிரமம். 11.7 சதவீதம் என்பது 6.7 டிகிரி. கீழ்நோக்கி 3 டிகிரியில் வரும் விமானம் அந்தச் சரிவுக்கு இணையாகத் திரும்ப வேண்டும் என்றால் பறக்கும் திசையை ஏறக்குறைய 10 டிகிரி மாற்ற வேண்டும். சமதரையில் செங்குத்தாக இறங்கும் விமானத்தைவிட இது பெரிய ஃபிளேர். ஆகவே கையில் வேகம் இருக்க வேண்டும்.

உயரமும் சேர்ந்துகொள்கிறது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,850 மீட்டர். காற்று மெலிந்திருப்பதால், வேகமானி 70 காட்டும்போது உண்மை வேகம் 80-ஐத் தாண்டியிருக்கும். நிறுத்த வேண்டிய ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு அதிகம். கண்ணும் ஏமாற்றும். மேடேறும் ஓடுபாதையைத் தூரத்திலிருந்து பார்த்தால் நாம் மிக உயரத்தில் இருப்பதாகத் தோன்றும். தாழ்த்தத் தூண்டும். ஓடுபாதை குறுகலாகவும் இருந்தால் அந்த மயக்கம் இரட்டிக்கும். தாழ்ந்து வந்தால் முன்னால் இருப்பது பாறை விளிம்பு.

ஓடுபாதையின் மறுமுனையில் மலை. ஒரு புள்ளிக்குப் பிறகு மீண்டும் மேலெழ வழியில்லை. அந்தப் புள்ளி எது என்பதை வரும் வழியிலேயே முடிவு செய்திருக்க வேண்டும். அங்கே போகும் ட்வின் ஆட்டர், டோர்னியர் 228 விமானங்களின் விமானிகளுக்குத் தனிப் பயிற்சி தரப்படுவது இதற்காகத்தான்.

கிளப்பில் செஸ்னா 172எஸ் ஓட்டுகிறேன். 600 மீட்டர் புல்தரையில் இறங்கலாமா? கையேட்டில் 1,335 அடி போதும் என்று இருக்கிறதே?
*வாசகர், பெங்களூரு*

அந்த 1,335 அடி, அதாவது 407 மீட்டர், கடல்மட்டத்தில், 15 டிகிரி வெப்பநிலையில், காற்றில்லாமல், காய்ந்த கெட்டித் தளத்தில், முழு ஃபிளாப்போடு கையேடு சொல்லும் முறையில் இறங்கினால் கிடைக்கும் தூரம். அதில் தரையில் ஓடுவது 575 அடிதான். மீதி 760 அடி இன்னும் காற்றிலேயே கழிகிறது. பாதிக்கு மேல்! ஆகவே முனையை 50-க்குப் பதில் 70 அடியில் கடந்தால் 3 டிகிரி சரிவில் 116 மீட்டர் போய்விடும். பிரேக்கை எவ்வளவு மிதித்தாலும் அது திரும்பி வராது.

உங்கள் புல்தரைக்குக் கணக்குப் போடுவோம். காய்ந்த புல்லுக்குத் தரை ஓட்டத்தில் 45 சதவீதம் கூட்டச் சொல்கிறது கையேடு. 175 மீட்டரில் 45 சதவீதம் 79. ஆக 486. பின்காற்றுக்கு ஒவ்வொரு 2 நாட்டுக்கும் 10 சதவீதம். 4 நாட் அடித்தால் 583. நீங்கள் இருப்பது கடல்மட்டம் அல்ல, பெங்களூரு. அதற்கும் வெயிலுக்கும் கையேட்டு அட்டவணையில் பார்த்து இன்னும் கூட்ட வேண்டும். பிரிட்டிஷ் விமானப் போக்குவரத்து ஆணையம் தனியார் விமானிகளுக்குப் பரிந்துரைக்கும் பாதுகாப்புக் காரணி 1.43. பெருக்கினால், உயரத்தைச் சேர்க்காமலே, 834 மீட்டர். பின்காற்று இருக்கும் நாளில் 600 மீட்டருக்குப் போகாதீர்கள். காற்றே இல்லாவிட்டாலும் 486-ஐ 1.43-ஆல் பெருக்கினால் 695 வருகிறது. எங்கள் பதில்: வேண்டாம். புல் நனைந்திருந்தால் கேள்வியே வேண்டாம். அதே ஆணையம் ஈரப்புல்லுக்கு முழுத் தூரத்தையும் 1.35-ஆல் பெருக்கச் சொல்கிறது.

இன்னொன்று. உயரமாக வந்துவிட்டால் பக்கவாட்டில் சறுக்கிச் சரிவைக் கூட்டும் ஸ்லிப் உத்தியை இந்த விமானத்தில் 20 டிகிரிக்கு மேல் ஃபிளாப் இறக்கிய நிலையில் ஆழமாகச் செய்யக் கூடாது. மூக்கை ஏற்றி இறக்கும் வால்பகுதியான எலிவேட்டர் ஊசலாடத் தொடங்கலாம் என்று கையேடே எச்சரிக்கிறது. உயரமாக வந்தால் மறுபடி சுற்றி வாருங்கள்.

சென்னை–யாழ்ப்பாணம் விமானம் ஏன் ஏடிஆர்? ஜெட் போடக் கூடாதா?
*வாசகர், இராமநாதபுரம்*

யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலியில் பயன்பாட்டுக்கு வந்த ஓடுபாதை சுமார் 1,400 மீட்டர். பயணிகள் சேவையில் டர்போபிராப் விமானம் கையேட்டுத் தூரப்படி ஓடுபாதையின் 70 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும் என்பது பொதுவான விதி. ஜெட்டுக்கு 60 சதவீதம். ஆக டர்போபிராப் வகையான ஏடிஆருக்கு 980 மீட்டர், ஜெட்டுக்கு 840. ஓடுபாதை நனைந்திருந்தால் இன்னும் 15 சதவீதம் நீளம் வேண்டும். ஏ320 வகை விமானத்துக்கு 840 போதாது. அங்கே சரிவு செங்குத்து இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். சமவெளி, தடை இல்லை. குட்டை ஓடுபாதை எல்லாமே செங்குத்து அணுகல் அல்ல.

செங்குத்தாக இறங்கும்போது எச்சரிக்கைக் கருவி கத்தாதா?
*மாணவர், புதுச்சேரி*

கத்தும். தரை நெருங்குவதை எச்சரிக்கும் கருவி, இவ்வளவு வேகமாக இறங்குவதை ஆபத்து என்றே எடுத்துக்கொள்ளும். அதனால் சான்று பெற்ற விமானங்களில் அதன் எல்லைகளை மாற்றும் தனி ஏற்பாடு இருக்கும். ஏர்பஸ் ஏ318 லண்டன் சிட்டிக்காக 2006-ல் சான்று பெற்றபோது, இறங்கும்போதே ஸ்பாய்லர்களை (இறக்கைமேல் எழும்பித் தூக்குவிசையைக் குறைக்கும் தகடுகளை) ஓரளவு விரித்துவைக்கும் மென்பொருளும் அதில் சேர்ந்தது. சிறு விமானத்தில் ஃபிளாப்பும் மெதுவாகச் சுழலும் புரொப்பெல்லருமே அந்த வேலையைச் செய்துவிடும்.

தொட்ட பிறகு பிரேக் சோதனையை எப்படிச் செய்கிறார்கள்?
*மோட்டார் மெக்கானிக், நாமக்கல்*

சக்கரம், டயர், பிரேக் பேட் எதையும் மாற்றாமல் குறைந்தது ஆறு முறை தரையிறங்கி அளப்பது வழக்கம். ஒவ்வொரு முறையும் புதுப் பேட் போட்டு எடுத்த எண் யாருக்கும் உதவாது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் எடை, காற்று, வெப்பநிலை மூன்றையும் எழுதுவார்கள். முனையைக் கடந்த உயரம், தொட்ட இடம், நின்ற இடம் மூன்றையும் திருத்தப்பட்ட ஜிபிஎஸ் அல்லது பக்கவாட்டுக் கேமராவில் பதிவு செய்வார்கள். எதிர்க்காற்றின் உதவியில் பாதியை மட்டுமே கணக்கில் சேர்க்கலாம். பின்காற்றானால் ஒன்றரை மடங்காகச் சேர்க்க வேண்டும்.

பிரேக் மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு சிறு விமானங்களில் பெரும்பாலும் கிடையாது. ஆகவே தொட்டவுடனே மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். இறக்கை இன்னும் பாதி எடையைத் தூக்கிக்கொண்டிருக்கும் நேரம் அது. ரப்பர் ஒரே இடத்தில் தேய்ந்து தட்டையாகும். நனைந்த தளத்தில் இன்னொரு எல்லை: டயர் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 9-ஆல் பெருக்கினால் தண்ணீர்மேல் மிதக்கத் தொடங்கும் வேகம் நாட்டில் கிடைக்கும். 30 பிஎஸ்ஐ டயருக்கு 49 நாட். அதற்கு மேல் பிரேக் இருந்தும் இல்லாதது போலத்தான். மூக்குச் சக்கரத்தை இறக்கிவிட்டு, ஃபிளாப்பை ஏற்றி எடையைச் சக்கரங்களுக்கு மாற்றி, யோக்கைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்தபடி படிப்படியாக மிதிக்க வேண்டும். சக்கரத்தை உள்ளிழுக்கும் விமானத்தில் மட்டும் ஃபிளாப்பை ஏற்றுவதை நின்ற பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் கை கியர் நெம்புகோலுக்குப் போய்விடும்.